எண்ணெய்க் குதங்களும் ஒரு நீர்வீழ்ச்சியும்

திருகோணமலைத் துறைமுகத்தின் வடமேற்கே, சீனன்குடாவின் காடுகளுக்கிடையில், இரும்பாலான எண்ணெய்க் குதங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. இன்று எஞ்சியுள்ளவை 99. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 12,000 தொன் எண்ணெய் கொள்ளும். பலவற்றின்மேல் துரு ஏறியிருக்கிறது. சிலவற்றைச் சுற்றி மரங்கள் வளர்ந்து நிழல் விரித்திருக்கின்றன. இவை இந்நாட்டு மக்களின் அடுப்புக்கோ விளக்குக்கோ எண்ணெய் சேமித்து வைக்கக் கட்டப்பட்டவை அல்ல. இரு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில், நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறிவிட்ட பிரித்தானியக் கடற்படை, கீழ்த்திசைக் கடல்களில் தன் போர்க்கப்பல்கள் தடையின்றி ஓடவேண்டும் என்பதற்காக இவற்றைக் கட்டியது. 1942 ஏப்ரல் 9ஆம் நாள் யப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கியபோது, விமானமொன்று குதமொன்றின்மேல் விழுந்து எரிந்தது. எவரோ இருவருடைய போரில், எவருடைய எண்ணெயோ, நமது கரையில் எரிந்தது.

இக்குதங்களைக் காணும்போதெல்லாம் நமக்கு ஒரு மனிதரின் நினைவு வருகிறது. அவர் திருகோணமலையைச் சேர்ந்தவரல்லர். அவருடைய வாழ்க்கைப்பணி இத்துறைமுகத்திலிருந்து வெகு தொலைவிலுள்ள மத்திய மலைநாட்டின் அருவிகளோடு பிணைந்தது. ஆயினும், கடல்கடந்து வரும் எரிபொருளை நம்பி ஒரு நாடு வாழலாமா என்ற கேள்வியை, இக்குதங்கள் எழும்புவதற்கு முன்னரே எழுப்பி, அதற்குப் பொறியியல் முறையில் விடையும் கூறியவர் அவர். தேவபுர ஜயசேன விமலசுரேந்திர என்பது அவர் பெயர். சிங்கள மக்களிடையே நீர்மின்வலுவின் தந்தை என்று போற்றப்படும் அவரைத் தமிழ் மாணவர்களுள் எத்தனை பேர் அறிவர்? அறிந்தவர்களும் ஒரு மின்னிலையத்தின் பெயராகவே அறிவர். அவர் எதற்காக வாதாடினார், அவ்வாதம் ஏன் முப்பதாண்டுக் காலம் செவிமடுக்கப்படவில்லை, இறுதியில் அது வென்றபோது அவ்வெற்றி யாருக்குச் சேர்ந்தது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விமலசுரேந்திர 1874ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆம் நாள் காலியிலே பிறந்தார். கைவினைத் தொழிலில் பெயர்பெற்ற குடும்பம் அது. கொழும்பு ஆனந்தாக் கல்லூரியில் கற்ற பின், அரசாங்கத் தொழிற்சாலையில் பயிலுநராகச் சேர்ந்தார். தொழில்நுட்பக் கல்லூரியில் பயின்று, பொதுவேலைத் திணைக்களத்தில் பணியேற்றுப் படிப்படியாக உயர்ந்து பொறியியலாளரானார். அக்காலத்துத் திணைக்களங்களில் உயர்பதவிகள் வெள்ளையர்க்கு என்று ஏறத்தாழ ஒதுக்கப்பட்டிருந்தன என்பதை நாம் மறத்தலாகாது. பட்டறைத் தரையிலிருந்து தொடங்கிய ஒரு சுதேசி, அத்தகைய அமைப்புக்குள் நின்று, அரசாங்கத்தின் கொள்கையையே மாற்றவேண்டும் என்று சொல்லத் துணிந்ததே அவரது வாழ்வின் முதற் சிறப்பு எனலாம்.

களனி கங்கையின் தலைப்பகுதியில் இரு கிளையாறுகள் உள்ளன. ஒன்று கெஹெல்கமு ஓயா. மற்றது மஸ்கெலியா ஓயா. முன்னதில் அபர்டீன் அருவியும், பின்னதில் லக்சபான அருவியும் வீழ்கின்றன. இப்பகுதிக்குப் பொன் தேடும் ஆய்வுப்பணிக்காக விமலசுரேந்திர அனுப்பப்பட்டார் என்றும், பொன்னைக் காட்டிலும் பெறுமதியான ஒன்றை அவர் அங்கு கண்டார் என்றும் மின்துறையினர் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். அவர் கண்டது விழும் நீரின் வலு.

இதை விளக்கப் பெரிய கணிதம் வேண்டியதில்லை. ஒரு கன மீற்றர் நீரின் நிறை 1,000 கிலோகிராம். நொடிக்கு ஒரு கன மீற்றர் வீதம் 100 மீற்றர் உயரத்திலிருந்து நீர் விழுமாயின், அதில் ஏறத்தாழ 980 கிலோவாற் வலு அடங்கியிருக்கும். குழாயிலும் சுழலியிலும் மின்பிறப்பாக்கியிலும் ஏற்படும் இழப்புகளைக் கழித்தாலும் 800 கிலோவாற்றுக்குக் குறையாத மின்வலுவைப் பெறலாம். லக்சபான அருவியின் உயரம் மட்டும் ஏறத்தாழ 126 மீற்றர். அருவியோடு நில்லாமல், ஆற்றை மேலே மறித்து, மலையைக் குடைந்த சுரங்கத்தாலும் உருக்குக் குழாய்களாலும் நீரை இன்னும் கீழே கொண்டுசென்றால், கிடைக்கும் உயரம் பன்மடங்கு பெருகும். ஆண்டில் இரு பருவ மழைகளின் பயனையும் பெறும் மலைத்தொடர் அது. அந்நீர் கல்லில் மோதி வெள்ளை நுரையாகிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அதே வேளையில், கொழும்பில் விளக்கெரிக்க வேண்டிய எரிபொருள் கப்பலேறி வந்துகொண்டிருந்தது.

மின்சாரம் இந்நாட்டுக்கு யாருக்காக வந்தது என்பதும் கருதத்தக்கது. 1895இல் பூஸ்டட் சகோதரர்கள் என்னும் ஆங்கிலக் கம்பனியார் கொழும்புக் கோட்டையிலிருந்த பிரிஸ்டல் ஹோட்டலின் பில்லியட் அறைக்கு மின்னொளி வழங்கினர். பின்னர் கொழும்பில் டிராம் வண்டிகளை ஓட்டியவர்களும் அவர்களே. அவ்வாறாக மின்சாரம் முதலில் கேளிக்கையாகவும், அடுத்து இலாபந்தரும் வியாபாரமாகவும் இங்கு அறிமுகமாயிற்று. அது மக்கள் அனைவருக்கும் உரிய பொதுச்சொத்து என்னும் எண்ணம் ஆளவந்தோரிடம் இருக்கவில்லை. விமலசுரேந்திர தம் கருத்தைச் செயலிற் காட்ட வாய்ப்புப் பெற்றது 1912இல். நானுஓயாவுக்கும் நுவரெலியாவுக்கும் இடையில் பிளாக்பூல் என்னுமிடத்தில் சிறிய நீர்மின் நிலையமொன்று அவரால் அமைக்கப்பட்டது. அது நுவரெலியா நகருக்கு ஒளி தந்தது. ஆளுநரும் துரைமாரும் கோடையைக் கழிக்கும் நகரம் அது என்பதையும் நாம் கவனிக்க வேண்டும்.

1918ஆம் ஆண்டு, இலங்கைப் பொறியியற் சங்கத்தில், இந்நாட்டின் நீர்வலுவைப் பயன்படுத்துவதன் பொருளாதாரம் பற்றி அவர் ஓர் ஆய்வுரை சமர்ப்பித்தார். நம் கருத்தில் அதுவே அவருடைய உண்மையான கண்டுபிடிப்பு. கண்டுபிடிப்பாளன் என்றதும் புதிய கருவியொன்றைக் கையில் ஏந்தி நிற்பவனையே நாம் கற்பனை செய்கிறோம். சுழலியையோ மின்பிறப்பாக்கியையோ விமலசுரேந்திர படைக்கவில்லை. ஆறுகளின் ஓட்டத்தையும் மலையின் உயரத்தையும் அளந்து, செலவையும் பயனையும் கணக்கிட்டு, சிதறிக் கிடந்த இயற்கைச் சக்தியை ஒரு நாட்டின் பொருளாதார அடித்தளமாக மாற்றும் வழியை அவர் வகுத்தார். கெஹெல்கமு, மஸ்கெலியா ஆறுகளை இணைத்துப் பயன்படுத்தினால் வீடுகளுக்கு ஒளி தரலாம், கைத்தொழில்களை வளர்க்கலாம், புகையிரதங்களையும் மின்வலுவால் ஓட்டலாம் என்பது அவர் காட்டிய பாதை. முதலாம் உலகப் போரினால் கப்பற் போக்குவரத்து நெருக்கடிக்குள்ளாகி, கடல்கடந்து வரும் எரிபொருளை நம்பியிருப்பதன் ஆபத்து எல்லோருக்கும் வெளிப்பட்டிருந்த ஆண்டு அது.

அவர் கூறியது பரிசோதிக்கப்படாத கனவன்று. அயலிலேயே சான்றுகள் இருந்தன. மைசூர்ச் சமஸ்தானத்தில் காவிரியின் சிவசமுத்திர வீழ்ச்சியிலிருந்து 1902ஆம் ஆண்டிலேயே கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் சென்றுவிட்டது. ஏன், நமது மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்கள் பலவற்றிலும் ஓடைநீரைத் தடுத்துச் சிறு சுழலிகளை ஓட்டித் தொழிற்சாலை யந்திரங்களை இயக்கி வந்தனர். நீரின் வலுவைத் தோட்டத்துரைமார் நன்கு அறிந்திருந்தனர். கொழுந்து அரைக்கும் உருளைக்கு அவ்வலு பயன்படலாம். நாட்டுக்கு அது பயன்படுவது பற்றி அவர்களுக்கு அவசரம் எதுவும் இல்லை.

அவ்வாய்வுரை உடனடியாக ஏற்கப்படவில்லை. செலவு பெரிது, இவ்வளவு மின்சாரத்தை வாங்க ஆளில்லை என்பன போன்ற வாதங்கள் எழுந்தன. மின்சாரம் இல்லாத நாட்டில் மின்சாரத்துக்குத் தேவை இல்லை என்பது, பாடசாலை இல்லாத ஊரில் படிக்க விரும்புவோர் இல்லை என்பதற்கு ஒப்பானது. 1920களின் நடுப்பகுதியில் லக்சபானவில் வேலை தொடங்கப்பட்டு, இடையில் நிறுத்தப்பட்டது. 1927இல் அரசாங்க மின்சார முயற்சிகளுக்கெனத் தனித் திணைக்களம் அமைந்தது. விமலசுரேந்திர அதன் உயர் அதிகாரிகளுள் ஒருவரானார். எனினும் 1929இல் திறக்கப்பட்டது லக்சபான அன்று. ஆளுநர் ஸ்டான்லியின் பெயர் சூட்டப்பட்ட, எரிபொருளால் இயங்கும் கொலன்னாவை மின்னிலையமே. கடல்வழி வரும் எரிபொருள் மீண்டும் வென்றது.

இக்காலத்தை ஒட்டியே நம் சீனன்குடாவில் எண்ணெய்க் குதங்கள் எழுந்தன. இரண்டும் ஒரே ஏட்டில் எழுதப்பட்ட செலவுகள் அல்ல. குதங்களுக்குச் செலவிட்டது பிரித்தானியக் கடற்படை, லக்சபானவுக்குச் செலவிட வேண்டியிருந்தது குடியேற்ற நாட்டு அரசாங்கம். ஒன்றின் பணத்தைப் பிடுங்கி மற்றதற்குக் கொடுத்தனர் என்று நாம் கூறவில்லை. நாம் கூறுவது வேறு. ஏகாதிபத்தியத்துக்கு இன்றியமையாதது என்று தோன்றியபோது, காட்டை வெட்டி நிலத்தைச் சமப்படுத்தி, நூறளவான இராட்சதக் குதங்களை எழுப்பப் பணமும் உருக்கும் பொறியியல் அறிவும் கிடைத்தன. நாட்டு மக்களுக்கு இன்றியமையாதது என்று ஒரு சுதேசிப் பொறியியலாளர் கணக்கோடு காட்டியபோது, அது பிறகு பார்த்துக்கொள்ளப்படும் விடயமாயிற்று. இன்றியமையாதது எது என்பதைத் தீர்மானிக்கும் அதிகாரம் யாரிடம் இருந்தது என்பதே இவ்வேறுபாட்டின் மூலம்.

விமலசுரேந்திர ஆய்வுரை சமர்ப்பித்து இரண்டாண்டுகள் கழித்து, 1920 டிசம்பரில், உள்நாட்டுப் போராலும் பஞ்சத்தாலும் சீரழிந்திருந்த சோவியத் நாடு தன் மின்மயத் திட்டத்தை ஏற்றுக்கொண்டது. 1932இல் தினியெப்பர் நதியின் பெரும் மின்னிலையம் இயங்கத் தொடங்கியது. அந்நாட்டின் பிற்கால வரலாறு பற்றி எக்கருத்துடையவராயினும், வறுமை ஒரு நாட்டின் மின்மயத்துக்குத் தடையாகத்தான் இருக்கவேண்டும் என்னும் வாதம் அங்கு பொய்த்ததை மறுக்கமாட்டார். அதே 1932இல் நீலகிரியில் பைக்காரா நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கி, கோயம்புத்தூர் ஆலைகளுக்கு வலு தந்தது. அதுவும் பிரித்தானிய ஆட்சிக்குட்பட்ட நிலமே. ஆகவே ஆட்சியாளர்க்குத் தொழில்நுட்பம் தெரியாது என்று எவரும் சாக்குச் சொல்ல இயலாது.

அலுவலகக் கோப்புகளால் இயலாததை மக்கள் மன்றத்தில் சாதிக்கலாம் என்று விமலசுரேந்திர எண்ணினார் போலும். அரச சேவையை விட்டு நீங்கி, சர்வசன வாக்குரிமையின்கீழ் 1931இல் நடந்த முதற் தேர்தலில் இரத்தினபுரித் தொகுதியில் வென்று அரசாங்க சபை உறுப்பினரானார். அவர் இடதுசாரி இயக்கத்தைச் சேர்ந்தவரல்லர். ஆயினும் ஒரு தொழில்நுட்ப வல்லுநர், தம் கணக்குச் சரியாயிருந்தும் அது நிறைவேறாமற் போவதன் காரணம் அரசியலில் இருக்கிறது என்று கண்டு, அவ்வரசியலுக்குள் தாமே இறங்கினார். முற்போக்குச் சிந்தனையாளர்க்கு அவர் வாழ்வு தரும் பாடங்களுள் இது தலையாயது.

மறுபடி தொடங்கிய வேலையில் இரண்டாம் உலகப் போர் குறுக்கிட்டது. லக்சபான மின்னிலையத்தின் முதற் கட்டம், 25 மெகாவாற் வலுவுடன், 1950ஆம் ஆண்டிலே இயங்கத் தொடங்கியது. 1918க்கும் 1950க்கும் இடையில் முப்பத்திரண்டு ஆண்டுகள். நாற்பத்து நான்கு வயதில் தந்த திட்டம் நிறைவேறியதை அவர் காணும்போது எழுபத்தாறு வயது. 1953 ஆகஸ்டு 10ஆம் நாள் அவர் மறைந்தார். 1965இல் நோர்ட்டன் பிரிட்ஜில் திறக்கப்பட்ட 50 மெகாவாற் மின்னிலையத்துக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1975இல் அவர் உருவம் தாங்கிய அஞ்சல் தலையும் வெளிவந்தது. பொல்பிட்டிய, புதிய லக்சபான, கனியன் என்று அவ்விரு ஆறுகளின்மேல் அடுத்தடுத்து மின்னிலையங்கள் எழுந்தன. இன்று அத்தொகுதியின் மொத்த வலு 300 மெகாவாற்றுக்கு மேல்.

இவ்விடத்தில் கட்டுரையை முடித்து, மேதைக்கு மாலை சூட்டிவிட்டுப் போவது எளிது. ஆனால் அம்மலைகளில் வாழ்ந்தவர் யார் என்று கேளாமற் போவது நேர்மையாகாது. ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியா, நோர்ட்டன் பிரிட்ஜ் ஆகிய இடங்கள் தோட்டத் தொழிலாளத் தமிழ் மக்களின் நிலம். அவர்தம் முன்னோர் காட்டை அழித்துத் தேயிலை நட்டனர். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. இரண்டாண்டுகள் கழித்து, அவர்கள் காலடியில் ஓடிய நீரிலிருந்து மின்சாரம் பிறந்தது. கம்பிகள் அவர்களுடைய லயன்களின் கூரைக்கு மேலாகக் கொழும்பை நோக்கிச் சென்றன. லயன் காம்பராக்களிலோ பல ஆண்டுகள் குப்பி விளக்கே எரிந்தது. மவுசாக்கலை நீர்த்தேக்கம் அமைந்தபோது பழைய மஸ்கெலியா நகரமே நீரில் மூழ்கியது; கோடையில் நீர்மட்டம் தாழும்போது பழைய கோயிலின் சிதைவுகள் இன்றும் வெளியே தலைகாட்டுகின்றன. உற்பத்தி செய்யும் இடம் இருளிலும், நுகரும் இடம் ஒளியிலும் இருப்பது நீரின் இயல்பாலோ மின்னின் இயல்பாலோ நேர்ந்ததன்று. விமலசுரேந்திரவின் கணக்கு மலையையும் நீரையும் சரியாக அளந்தது. அதன் பயனை எவ்வாறு பகிர்வது என்ற மறுபாதிக் கணக்கைச் சமுதாயம் செய்திருக்க வேண்டும், சமுதாயம் செய்யவில்லை.

மீண்டும் நம் துறைமுகத்துக்கு வருவோம். 1957 அக்டோபரில் பிரித்தானியக் கடற்படைத் தளம் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. கொடி இறங்கியது, ஆனால் கடல்வழி வரும் எரிபொருள்மீது நாம் கொண்ட சார்பு இறங்கவில்லை, வளர்ந்தது. குதங்களைச் சுற்றிய பேச்சுவார்த்தைகளும் ஓயவில்லை. 2022 ஜனவரியில் கைச்சாத்தான உடன்படிக்கைகளின்படி 14 குதங்கள் லங்கா ஐ.ஓ.சி. கம்பனியிடமும், 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்திடமும், 61 இருவரும் சேர்ந்த கூட்டுக் கம்பனியிடமும் விடப்பட்டன. அதே ஆண்டு மார்ச் மாத முடிவில், எரிபொருள் வாங்க அந்நியச் செலாவணி இல்லாமல், நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை நாட்டில் மின்வெட்டு நேர்ந்தது. அக்கோடையில் நீர்த்தேக்கங்கள் வற்றியிருந்ததும் உண்மையே. ஆனால் வற்றிய நீரை அடுத்த மழை நிரப்பும். வற்றிய கருவூலத்தை மழை நிரப்பாது. உலகின் சிறந்த இயற்கைத் துறைமுகங்களுள் ஒன்றையும் 99 குதங்களையும் உடைய நாடு, ஒரு கப்பல் எண்ணெய்க்குப் பணமின்றி இருளில் அமர்ந்திருந்தது. 1918இல் ஒலித்த எச்சரிக்கைக்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டுமோ?

கொட்டியாரக் குடாவின் தென்கரையிலுள்ள சம்பூரின் கதையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. 2006இல் போரினால் அங்குள்ள மக்கள் இடம்பெயர்ந்தனர். அவர்கள் கிளிவெட்டி போன்ற இடங்களின் முகாம்களில் ஆண்டுக்கணக்கில் வாடிக்கொண்டிருக்கையில், அவர்களுடைய மண்ணில் 500 மெகாவாற் நிலக்கரி அனல்மின் நிலையம் அமைப்பதற்கு இரு நாட்டு நிறுவனங்களுக்கிடையே ஒப்பந்தம் பிறந்தது. நிலத்துக்குரியோர் முகாமில், நிலத்தின் எதிர்காலம் மேசையில். மக்கள் எதிர்ப்பும் நீதிமன்ற வழக்கும் எழுந்தபின், 2016இல் அத்திட்டம் கைவிடப்பட்டது. 2025 ஏப்ரலில் அதே சம்பூரில் 120 மெகாவாற் சூரியமின் நிலையத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. கடல்கடந்து வரும் கரியை விட்டு நம் மண்மேல் விழும் வெயிலுக்கு மாறுவது விமலசுரேந்திர காட்டிய திசையிலேயே எடுத்துவைக்கும் அடி என்பதில் ஐயமில்லை. அதை நாம் வரவேற்கிறோம். ஆயினும் லக்சபானவின் லயன்களை நினைவில் வைத்திருப்போர், வெயில் நம்முடையது என்பதோடு நிறைவடைய மாட்டார்கள். நிலம் யாருடையது, உடன்பாட்டை எழுதும்போது அவர்களிடம் கேட்கப்பட்டதா, பிறக்கும் மின்சாரத்தின் விலையும் வேலைவாய்ப்பும் மூதூர்ப் பகுதி மக்களுக்கு என்ன தரும் என்றெல்லாம் கேட்பார்கள்.

விமலசுரேந்திரவைச் சிங்களவரின் பெருமை என்று ஒரு சாரார் தம் கூண்டுக்குள் அடைப்பதும், அதனாலேயே அவர் நமக்குரியவரல்லர் என்று மறுசாரார் ஒதுக்குவதும் ஒரே பிழையின் இரு முகங்கள். காலியிற் பிறந்த கைவினைக் குடும்பத்து மகன் வகுத்த திட்டம். பெரும்பான்மையும் தமிழ் உழைப்பாளிகள் வாழும் மலையில் அது எழுந்தது. அதன் மின்சாரம் எல்லா மொழி பேசுவோர் வீட்டிலும் எரிகிறது. இத்தகைய வரலாறு எந்த ஓர் இனத்துக்கும் தனியுடைமை ஆகாது.

ஆகையால் ஆசிரிய நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். பௌதிக வகுப்பில் விழும் நீரின் வலுவைக் கணிக்கக் கற்பிக்கும் அன்று, 1918ஆம் ஆண்டின் அந்த ஆய்வுரையைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். மாணவர்களைத் திருகோணமலைக்குச் சுற்றுலா அழைத்து வருவோர், கோணேசர் கோயிலையும் கன்னியா வெந்நீரூற்றையும் காட்டியபின், சீனன்குடா வீதியில் வண்டியைச் சற்று நிறுத்துங்கள். துருவேறிய அக்குதங்களைக் காட்டி, இதைக் கட்டியவர் யார், யாருக்காகக் கட்டினர், அந்நேரத்தில் நம் மலையருவிகளின் நீர் எங்கே போய்க்கொண்டிருந்தது என்று கேளுங்கள். விடையை அவர்களே தேடட்டும்.